வடசென்னைப் பள்ளி அணிக்கு நாலு மாதம்தான் சீசன்

நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் பள்ளி கிரிக்கெட்டுக்கு ஜூனிலிருந்து மார்ச் வரை பத்து மாதம் இருக்கிறது. கையில் கிடைப்பது நாலுகூட முழுசாகத் தேறாது. பள்ளி திறந்து, புத்தகம், பஸ் பாஸ், வகுப்புப் பிரிப்பு எல்லாம் அடங்குவதற்குள் ஜூனில் பாதி போய்விடும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை இறங்கும். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று செய்தி வந்தால், மைதானத்தைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. டிசம்பரில் அரையாண்டு. பொங்கல் கழிந்து தரை காயும்போது பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பையன்கள் பொதுத்தேர்வுப் பக்கம் போயிருப்பார்கள்.

இந்த நாலு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: டென்னிஸ் பந்தில் வளர்ந்த பையனை லெதர் பந்துக்கு மாற்றுவது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வியாசர்பாடிக்கு ஃபுட்பால், ராயபுரத்துக்கு பாக்ஸிங், எல்லா ஏரியாவுக்கும் கேரம் என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு சந்துகளில் சாயங்காலம் நடந்து பாருங்கள். எட்டாவது படிக்கிற பையன் அதற்குள் ஐந்தாறு வருடம் காஜி, அதாவது பேட்டிங் முறை, எடுத்திருப்பான். பந்தயம் கட்டி பெட் மேட்ச் ஆடியிருப்பான், கடைசி ஓவரில் எட்டு ரன் அடித்திருப்பான். அவனுக்கு கிரிக்கெட் சொல்லித் தர வேண்டியதில்லை. தென்சென்னையில் அகாடமிக்குப் போகிற பையன் பத்து வயதில் லெதர் பந்தைத் தொட்டுவிடுகிறான், இவன் பதினாலு வயதில் தொடுகிறான். வித்தியாசம் அந்த நாலு வருடம்தான். அதை நாலு மாதத்தில் கொஞ்சமாவது சுருக்க வேண்டும்.

என்ன மாறுகிறது என்று முதலில் பார்ப்போம். டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம். ஆண்களுக்கான லெதர் பந்து 156 முதல் 163 கிராம், ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. ஆனால் எடையைவிடப் பெரிய விஷயம், சந்தின் விதிகள் பையனின் உடம்பில் பதிந்து கிடப்பது.

முதலாவது, எட்ஜ். டென்னிஸ் பந்து மட்டை ஓரத்தில் பட்டால் பெரும்பாலும் செத்துக் கீழே விழும். ஸ்லிப்பில் ஆள் நிறுத்தத் தேவையே கிடையாது. ஆகவே உடம்பிலிருந்து கையை விலக்கி வீசுவது சந்தில் ஒரு தப்பே இல்லை. லெதர் பந்தில் அதே வீச்சு நேராக கீப்பர் கைக்குப் போகும். பையனுக்கு, ‘என்ன தப்பு பண்ணேன்?’ என்றே புரியாது. நேற்று வரை அது நாலு ரன்.

இரண்டாவது, எல்.பி.டபிள்யூ., ஸ்டம்ப்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்தால் அவுட். சந்தில் அப்படி ஒன்று இல்லை. அம்பயராக நிற்பவனே பேட்டிங் டீம் ஆள், அவன் எப்படி விரலைத் தூக்குவான்? அதனால் முன்காலை மிடில் ஸ்டம்ப்புக்கு நேராக நட்டுவைத்து, அதைச் சுற்றி மட்டையைக் கொண்டுவரும் பழக்கம். ஜூலையில் நடக்கிற முதல் இரண்டு மேட்ச்சில் நம் பையன்கள் ஆட்டமிழக்கும் விதத்தை ஸ்கோர் புத்தகத்தில் எண்ணிப் பாருங்கள். எல்.பி.டபிள்யூ. வரிசையாக நிற்கும்.

மூன்றாவது நமக்குச் சாதகம். சந்தின் இரண்டு பக்கமும் வீடு. கண்ணாடி உடைந்தால் மேட்ச் அதோடு சரி. மாடிக்குப் போனால் அவுட். ரன் வேண்டுமென்றால் நேராகத்தான் அடிக்க வேண்டும். அதனால் இந்தப் பையன்களிடம் நேர் மட்டை இயல்பாகவே இருக்கும். பந்துவீச்சாளர் தலைக்கு மேல் அடிப்பதில் அகாடமிப் பையனைவிட இவன் தெளிவாக இருப்பான். கட், ஸ்கொயர் டிரைவ் மட்டும் சுத்தமாக இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல், முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றிப்போட்டு ‘புக் கிரிக்கெட்’ ஆடவைக்கிற பயிற்சியாளர்கள் உண்டு. இருக்கிற நல்லதையும் கெடுக்கிற வேலை அது.

வலைக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால் பத்து நாள் வலையே வேண்டாம். பழைய சாக்ஸுக்குள் லெதர் பந்தைப் போட்டு முடிச்சிட்டு, முழங்கால் உயரத்தில் வேப்பமரக் கிளையிலோ கோல் போஸ்ட்டிலோ கட்டித் தொங்கவிடுங்கள். மேல்கை மட்டும் பிடித்து நேராக 50 அடி, பிறகு இரண்டு கையும் சேர்த்து 50. மட்டை கோணலாக வந்தால் பந்து வட்டம் போடும், நேராக வந்தால் முன்னும் பின்னும் ஊசலாடும். வாயால் எதுவும் சொல்ல வேண்டாம், பந்தே சொல்லிவிடும். அடுத்து, கால் பேட், கிளவுஸ், ஹெல்மெட் எல்லாம் மாட்டி 12 மீட்டர் தூரத்திலிருந்து த்ரோ-டவுன், அதாவது கையால் எறிகிற பந்து. முதல் மூன்று நாள் கட்டை போடுவது மட்டும்தான், அடிக்கவே கூடாது. லெக் ஸ்டம்ப்புக்கு ஓர் அங்குலம் வெளியே தரையில் சுண்ணாம்பில் கோடு போட்டு, முன்கால் அதைத் தாண்டி உள்ளே குறுக்காக விழுந்தால் அந்தப் பந்து கணக்கில் இல்லை என்று வையுங்கள்.

வலையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. காலை ஆறரை முதல் எட்டு வரை 90 நிமிடம், ஒரே வலை, 16 பையன். ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் ஐந்தரை நிமிடம். பேட் கட்டிக் கழற்றுவதிலேயே அது போய்விடும். எட்டுப் பேரை ஒரு நாள், மற்ற எட்டுப் பேரை மறுநாள் என்று பிரித்தால் ஆளுக்குப் பத்து நிமிடம் உருப்படியாகக் கிடைக்கும். அடுத்தவன் பேட் கட்டித் தயாராக வெளியே நிற்க வேண்டும். பேட்டிங் இல்லாத எட்டுப் பேரில் நாலு பேர் பந்துவீச, நாலு பேர் கேட்ச். காஜி முடிந்ததும் நழுவுகிற ஓ.சி. காஜி கோஷ்டி எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவர்களைக் கடைசியில் ஆடவைத்தால் நழுவ முடியாது.

பந்துவீச்சுதான் சிக்கலான பகுதி. டென்னிஸ் பந்து லேசானது, சும்மா கையைச் சுற்றிப் போட்டால் வேகம் வராது. முழங்கையை மடக்கி, கடைசி நொடியில் வெடுக்கென்று நீட்டினால் வேகம் வரும். இதைத்தான் பையன்கள் மாங்கா என்கிறார்கள். சந்தில் எதிரணி, “டேய், இன்னா மாங்கா போடற?” என்று கத்தும், அவன் “போடா, நார்மல் பால்டா” என்பான், ஆட்டம் தொடரும். பள்ளிப் போட்டியில் அம்பயர் நோ-பால் என்று கையை நீட்டினால், பையன் அந்த ஓவரையே முடிக்க முடியாமல் உடைந்துபோவான்.

சர்வதேச கிரிக்கெட்டில் முழங்கை நீட்சிக்கு 15 டிகிரி வரை அனுமதி. அதை வெறும் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் போன் கேமராவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மோசமானது பளிச்சென்று தெரியும். பக்கவாட்டிலிருந்து ஒன்று, பேட்ஸ்மேன் பக்கமிருந்து ஒன்று என்று இரண்டு வீடியோ போதும். கை தோளுக்கு நேராக வரும்போது முழங்கை எப்படி இருக்கிறது, பந்து விடும்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு இடத்தில் நிறுத்திப் பாருங்கள். திருத்த வேண்டுமானால், ஓடிவருவதை முதலில் வெட்டுங்கள். நின்ற இடத்திலிருந்து, பிறகு மூன்று அடி நடந்து, இடது கை நன்றாக மேலே போய் இழுத்து இறங்குகிற மாதிரி, பாதி வேகத்தில் தினம் 30 பந்து. லெதர் பந்தின் எடையே இங்கே உதவிக்கு வரும். கனமான பந்தை மாங்கா போட்டால் முழங்கை வலிக்கும், பையன் தானாகவே கையை நீட்டப் பழகுவான். மூன்று வாரத்தில் மாறாதவனை ஸ்பின் பக்கம் திருப்பிவிடுவது நல்லது. எல்லோர் முன்னாலும் வைத்து ‘மாங்கா’ என்று பட்டம் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இது அவமானமில்லை என்று பையனுக்குச் சொல்ல நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்தவர் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன். 2015-இல் ரஞ்சியில் முதல் ஆட்டம் ஆடியதும் அவருடைய வீச்சுமுறை மேல் கேள்வி வந்தது. பொறுமையாகத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். சென்னைத் தெருவில் டென்னிஸ் பந்தை விரலால் சுண்டிப் போடுகிற சொடக்கு பாலை அவர் லெதர் பந்துக்குக் கொண்டுபோனார். ஆக, சந்திலிருந்து எதைக் கழற்ற வேண்டும், எதை அப்படியே கொண்டுபோக வேண்டும் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். உங்கள் பையன்களில் ஒருவன் சொடக்கு போடுகிறான் என்றால் தடுக்காதீர்கள். ஆனால் முதலில் ஓவருக்கு ஐந்து ஆஃப் ஸ்பின்னை ஒரே இடத்தில் போடட்டும், ஆறாவதுதான் சொடக்கு.

வேகப்பந்துப் பையனை ஒரே நாளில் தேய்த்து எடுத்துவிடக் கூடாது. 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் தரும் வழிகாட்டுதல், ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஒரே மூச்சில் போடுவது, 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர். நம் பையன் காலையில் பள்ளி மேட்ச்சில் எட்டு ஓவர் போட்டுவிட்டு, சாயங்காலம் ஏரியா பெட் மேட்ச்சில் இன்னும் நாலு போடுவான். அந்தச் சாயங்காலக் கணக்கு பி.டி. சாருக்குத் தெரியவே தெரியாது. முதுகின் கீழ்ப்பக்கம் ஒரே இடத்தில், பந்து போடும்போது மட்டும் வலிக்கிறது என்று சொன்னால் தைலம் தடவி அனுப்பக் கூடாது. வீச்சை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும், அழுத்தத்தால் எலும்பில் கீறல் விழும் வயது இது.

ஃபீல்டிங்கில் இரண்டே விஷயம். டென்னிஸ் பந்து கையில் பட்டுத் துள்ளும் என்பதால் பையன்கள் அதைக் கொத்திப் பிடிப்பார்கள். லெதர் பந்தைக் கொத்தினால் விரல் நுனி போய்விடும். கையைப் பின்னால் இழுத்துப் பந்தோடு போகப் பழக்க வேண்டும். எறிவதை முதல் இரண்டு வாரம் 25 மீட்டருக்குள் வையுங்கள். லேசான பந்தை பவுண்டரியிலிருந்து எறிந்து பழகிய தோள், கனமான பந்தை அதே விசையில் எறியும்போதுதான் பிடித்துக்கொள்கிறது.

அடுத்து, தரை. புல் விக்கெட் உள்ள பள்ளிகளை வடசென்னையில் தேடிப்பார்க்க வேண்டும். நம் பிழைப்பு பெரும்பாலும் மேட்டிங்கில், பிட்ச் மேல் விரிக்கிற கயிற்றுப் பாயில். மேட்டிங் மேல் பலருக்கு இளக்காரம் உண்டு. என்னைக் கேட்டால், ஒழுங்காக விரித்த மேட்டிங் மோசமான புல் விக்கெட்டைவிட எவ்வளவோ நேர்மையானது. பிரச்சினை விரிப்பதில்தான். முந்தின நாள் சாயங்காலம் அடித்தரைக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து, காலையில் உருளை ஓட்ட வேண்டும். தண்ணீர் அதிகமானால் தரை பிசைந்துபோகும், கயிறும் ஈரம் குடிக்கும், பந்து நின்று வரும். தண்ணீரே இல்லையென்றால் மேட்டிங்குக்குக் கீழே மண் பொடிந்து குழி விழும். கடலோரம் ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் தரை என்பதால் மேலே களிமண் போட்டு இறுக்காமல் அங்கே எதுவும் நிற்காது.

விரிக்கும்போது ஒரு முனையை முதலில் ஆணி அடித்து முடிக்க வேண்டும். பிறகு எதிர்முனையை நாலைந்து பேர் பிடித்து இழுத்து, இழுத்த பிடியிலேயே அடிக்க வேண்டும். பக்கவாட்டு ஆணிகள் கடைசியில், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போகட்டும். பக்கத்தை முதலில் அடித்தால் நடுவில் மடிப்பு நிற்கும். அந்த மடிப்பு சரியாக குட் லெங்த்தில், நல்ல பந்து குத்துகிற இடத்தில்தான் வந்து உட்காரும். அதில் பட்ட பந்து ஒன்று முகத்துக்கு ஏறும், இல்லையென்றால் கணுக்காலுக்கு உருளும். ஆணித் தலை கயிற்றுக்கு மேல் துருத்தாமல் முழுதும் இறங்கியிருக்கிறதா என்று ஒரு பையன் வெறுங்கையால் தடவிப் பார்த்துவிட வேண்டும். மேட்டிங்கில் ஸ்பைக் ஷூ கூடாது, ரப்பர் அடி போதும். ஆட்டம் முடிந்ததும் ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டால் ஒரே மழைக்காலத்தில் இற்றுப்போகும். காயவைத்து, தரையில் படாமல் பெஞ்ச் மேல் வைக்க வேண்டும்.

மேட்டிங்கில் பந்து எழும்பும், விரலால் வெட்டிப் போடுகிற கட்டர் கடிக்கும், ஸ்பின் திரும்பும். புதுப் பந்தின் பளபளப்பு கயிற்றில் உரசி சீக்கிரம் போய்விடும். அதனால் ஸ்விங் நம்பி வாழ்கிற பந்துவீச்சாளரைவிட விரலால் வெட்டுகிறவனுக்கு மதிப்பு அதிகம். பேட்ஸ்மேனுக்கு பின்கால் ஆட்டமும், கட்டும், குறுக்காக இழுத்து அடிக்கிற ‘புல்’ ஷாட்டும் வேண்டும், சந்தில் வராத அதே ஷாட்கள். இங்கேயே ஆடிப் பழகிய அணி நாக்-அவுட்டில் புல் விக்கெட்டுக்குப் போனால் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும், பின்காலில் நின்றவர்கள் எல்லாம் வரிசையாக எல்.பி.டபிள்யூ. அப்படி ஒரு ஆட்டம் வருகிறது என்றால், அந்த வாரம் சிமென்ட் தரையில் ஈரமான டென்னிஸ் பந்தைப் போட்டுப் பழகுங்கள். ஈரப் பந்து வழுக்கும், தாழ்வாக வரும். செலவில்லாத வழி.

சாமான் விஷயத்தில் பள்ளிகள் பணத்தைத் தப்பான இடத்தில் போடுகின்றன. பெயர் அச்சடித்த கலர் டிரெஸ் ஜூன் மாதமே வந்துவிடும், பந்து மட்டும் எப்போதும் பஞ்சம். மேட்ச்சுக்குப் புதுப் பந்து, மேட்ச் முடிந்த பந்து வலையில் பவுலர்களுக்கு, அது தேய்ந்தால் த்ரோ-டவுனுக்கு, தையல் விட்டால் சாக்ஸுக்கு. இந்த வரிசையை ஒருவன் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு விதிப்புத்தகமே 133 முதல் 144 கிராம் எடையுள்ள சின்னப் பந்தைத்தான் சொல்கிறது. ஆறாவது ஏழாவது பையன்களுக்குப் பெரிய பந்தைக் கொடுத்து வீரம் பார்க்க வேண்டாம்.

மட்டையில் அண்ணன் ஆடியதைத் தம்பிக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள பையனுக்கு ஆறாம் எண் மட்டை, அதற்கு மேல் அடுத்த அளவான ஹாரோ, ஐந்தடி ஏழு எட்டைத் தாண்டினால்தான் பெரியவர்கள் அளவான ஷார்ட் ஹேண்டில். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பெரிய மட்டையைத் தூக்கமுடியாத பையன் கீழ்க்கையால் தள்ளுவான், பந்து மிட்விக்கெட்டுக்கே போகும். டென்னிஸ் பந்து மட்டையை மட்டும் லெதர் பந்துக்கு எடுக்கவே கூடாது, காலடியில் விழுகிற ஒரு யார்க்கர் போதும் அடி பிளக்க. பள்ளிக்குக் காஷ்மீர் வில்லோ மர மட்டை தாராளம். புது மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், பச்சையாகக் கிடைப்பது, ஒரு டீஸ்பூன் அளவு, முகத்திலும் ஓரத்திலும் அடியிலும் தடவி ஒரு நாள் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். இரண்டு பூச்சு போதும். கைப்பிடி சொருகிய இடத்தில் எண்ணெய் படக் கூடாது. அதிகம் ஊற்றினால் மட்டை செத்துப்போகும். பிறகு மரச் சுத்தியால் நாலைந்து மணி நேரம், பல நாளாகப் பிரித்து, மெதுவாகத் தொடங்கித் தட்ட வேண்டும். ஓரங்களைச் சாய்வாகத் தட்ட வேண்டும். இதை இரண்டு பையன்களிடம் விட்டால் வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மட்டையின் அடிப்பாகம் ஊறும், அங்கே ரப்பர் ஒட்டிவிடுங்கள்.

எல்-கார்டு, அதாவது அடிவயிற்றுக்குக் கீழே மாட்டும் கவசம், ஆளுக்கு ஒன்று சொந்தமாக வேண்டும், அதைப் பொதுவில் பகிர்கிற கொடுமையை இனியாவது நிறுத்தலாம். ஹெல்மெட்டில் கம்பிக்கும் முகப்புக்கும் நடுவே பந்து நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று கையில் ஒரு பந்தை வைத்து அழுத்திப் பார்த்து வாங்குங்கள். பி.எஸ். 7928:2013 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ளது இந்தச் சோதனையில் தேறியது. கம்பி வளைந்த ஹெல்மெட்டை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது.

காகிதம் இன்னொரு பந்துவீச்சாளர், பெரும்பாலும் ஆகஸ்ட்டில் வந்து ஸ்டம்பைச் சாய்ப்பவர். கிரிக்கெட் வாரியம் வழிப் போட்டிகளில் வயதுப் பிரிவு 14, 16, 19. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு வழியில் 14, 17, 19. இரண்டுக்கும் வயதைக் கணக்கிடும் தேதியும் ஒன்றல்ல. பதினாறரை வயதுப் பையன் ஒன்றில் சின்னவன், இன்னொன்றில் பெரியவன். அணி எழுதும்போது பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதியை எழுதாத பட்டியல் எதற்கும் உதவாது. பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். சிக்கல் வேறு இடத்தில். சான்றிதழில் ‘எம். கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் முருகன்’, பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் பதிவில் வேறு எழுத்து. இந்த மூன்றையும் ஜூனிலேயே ஒன்றாக்கிவிட வேண்டும், டாஸ் போடும் காலையில் முடியாது. பிறந்து பல வருடம் கழித்துப் பதிந்த சான்றிதழைக் கூர்ந்து பார்ப்பார்கள். 16 வயதுக்குட்பட்ட மாநிலத் தேர்வு வரை போகிற பையனுக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதையும் பார்க்கும் முறை இருக்கிறது. ஒரு வயது குறைத்துக் காட்டி ஆடவைப்பதால் கடைசியில் மாட்டுவது பையன்தான்.

மேட்ச் நாள். புல் விக்கெட் மைதானம் என்றால் பெரும்பாலும் நகரத்தின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும், ஓ.எம்.ஆர். ஓரத்துக் கல்லூரி மைதானம்கூட வரலாம். எண்ணூர், திருவொற்றியூர் பையன்கள் கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் கடற்கரை வந்து மாற வேண்டும், அல்லது விம்கோ நகரில் மெட்ரோ ஏற வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது, அதை நம்பி வேன் பிடிக்காதீர்கள். விதிப்படி டாஸ், ஆட்டம் தொடங்க 30 நிமிடத்துக்கும் 15 நிமிடத்துக்கும் இடையில். டாஸுக்கு முன் 11 பேர் பட்டியல் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒன்பது மணி ஆட்டத்துக்கு எட்டு மணிக்கு அங்கே நின்றால்தான் பையன்கள் பிட்ச்சைக் காலால் மிதித்துப் பார்க்கவாவது முடியும்.

டாஸ் ஜெயித்தால் என்ன செய்வது என்பதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள். ஜூன், ஜூலையில் காலைக் காற்று மேற்கிலிருந்து வரும். கடற்காற்று மதியத்தை ஒட்டி கிழக்கிலிருந்து ஏறும். ராயபுரத்தில் முன்னாலேயே தெரியும், பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் தாமதமாகும். ஆக, காலையில் எந்த முனையில் வேகப்பந்து காற்றோடு ஓடிவந்தானோ அதே முனையில் இரண்டாவது இன்னிங்ஸில் காற்றை எதிர்த்து ஓட வேண்டியிருக்கும். கேப்டன் பையன் இதைக் கவனிக்காமல் அதே ஆளை அதே முனையில் போட்டுவிட்டு, ‘அவன் சோர்ந்துட்டான் சார்’ என்று வந்து நிற்பான். காற்றுக்கு எதிராக ஸ்பின்னைக் கொண்டுவந்தால் பந்து மிதந்து இறங்கும்.

பள்ளி ஆட்டத்தைத் தோற்கடிப்பது வைடு. 30 ஓவர் இன்னிங்ஸில் 24 வைடு போட்டால் 24 ரன் மட்டும் போகவில்லை, 24 பந்து கூடுதலாகப் போட வேண்டும், அதாவது நாலு ஓவர். ஓவருக்கு ஆறு என்று வைத்தால் இன்னொரு 24 ரன். ஆக 48. இந்த வயதில் 48 ரன் வித்தியாசத்தைத் துரத்திப் பிடிப்பது அரிது. புதுப் பந்தை வேகமானவனிடம் கொடுக்கும் ஆசையை விட்டு, ஆறில் ஐந்து பந்தை ஸ்டம்ப் திசையில் போடுகிறவனிடம் கொடுங்கள். வலையில் இதைத்தான் எண்ண வேண்டும், வேகத்தை அல்ல.

வெயிலுக்கு, தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. ஐந்து ஓவருக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு டம்ளர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலந்தால் போதும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான். கலர் பாட்டில் பானம் தேவையில்லை. காலையில் சாப்பிடாமல் வருகிற பையன்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், கேட்காமல் தெரியாது. இரண்டு இட்லிப் பொட்டலம் கூடுதலாக வாங்கி வைப்பது ஹெல்மெட் அளவுக்கு முக்கியமான பாதுகாப்பு.

ஸ்கோரர் வேலையைப் பதினொன்றில் இடம் கிடைக்காதவனுக்குத் தண்டனைபோலக் கொடுக்கிறார்கள். அணியில் கணக்கு சுத்தமாக வருகிறவனுக்கு அது போக வேண்டும். சரிபார்க்கும் வழி எளிது. பேட்ஸ்மேன்கள் ரன்னும் உதிரியும் கூட்டினால் வரும் மொத்தமும், பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னோடு பை, லெக்-பை சேர்த்தால் வரும் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். வைடும் நோ-பாலும் பவுலர் கணக்கில் ஏறும், பையும் லெக்-பையும் ஏறாது. தவறு பெரும்பாலும் லெக்-பையில்தான் நடக்கும். அம்பயர் முழங்காலைத் தூக்கித் தொட்டுக் காட்டியதைப் பார்க்காமல் பேட்ஸ்மேனுக்கு எழுதிவிடுவான். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் எதிரணி ஸ்கோரரோடு மொத்தத்தை ஒப்பிட்டால் அந்த ஓவருக்குள்ளேயே பிடித்துவிடலாம். பத்து ஓவர் கழித்துப் பார்த்தால் சண்டைதான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு அம்மா வந்து நிற்பார். “சார், பையனுக்கு டென்த்து சார். கிரிக்கெட்டு கிரிக்கெட்டுனு சுத்துறான், மார்க்கு போயிரும் சார்.” அவரிடம் விளையாட்டு ஒதுக்கீடு, எதிர்காலம் என்று பேசுவதைவிட, செப்டம்பர் வரை எந்தெந்தத் தேதியில் மேட்ச், எந்தப் பீரியட் போகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது மேல். ஓ.டி. கடிதத்தை, அதாவது மேட்ச்சுக்காக வகுப்பை விடும் அனுமதியை, முந்தின நாளே வகுப்பாசிரியர் கையில் கொடுத்து, விட்ட பாடத்தை யார் நோட்டிலிருந்து எடுக்கப்போகிறான் என்றும் முடிவு செய்தால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும். பத்தாவது பையன்களை மட்டும் நம்பி அணி கட்டாதீர்கள். 15 பேரில் ஆறு பேராவது எட்டாவது, ஒன்பதாவது படிப்பவர்களாக இருக்க வேண்டும். ஜெயிப்பது கொஞ்சம் குறையும். ஆனால் அடுத்த ஜூனில் மறுபடி சாக்ஸில் பந்து கட்டுவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

மழை மாதங்களில் மைதானம் இல்லை என்று மூட்டை கட்டிவிட வேண்டாம். வராந்தாவில் டென்னிஸ் பந்தில் ஸ்லிப் கேட்ச், சுவரைப் பார்த்து நின்று வீச்சு, ஒன்பதாவது பையன்களுக்கு ஸ்கோரிங். வாரம் ஒருமுறை கிட் பையைக் கவிழ்த்துக் காற்றில் போடுங்கள். வியர்வையோடு மூடி வைத்த கிளவுஸ் டிசம்பருக்குள் பூஞ்சை பிடித்து விறைத்துவிடும், வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும், நிழல்தான் சரி. பொங்கலுக்குப் பிறகு மைதானம் கிடைத்தால் பத்தாவதும் பன்னிரண்டாவதும் இல்லாத அணியை வைத்தே பக்கத்துப் பள்ளிகளோடு 20 ஓவர் ஆட்டம் இரண்டு மூன்று பேசிக்கொள்ளலாம், கோப்பை எதுவும் தேவையில்லை. அப்போதே அடுத்த வருடப் பட்டியலை, பிறந்த தேதியோடு, எழுதிவிடுங்கள். யார் பெயரில் எழுத்து மாறியிருக்கிறதோ அவன் வீட்டுக்கு ஏப்ரல் விடுமுறைக்கு முன்பே தகவல் போய்விட வேண்டும்.